எஞ்சின் ஓடாமலே ஏறிய முள்

மாமிக்கு வேர்த்தது. எல்லாம் அதில்தான் தொடங்கியது.

அன்று வியாழக்கிழமை. வெயில் இன்னும் சூடு பிடிக்காத காலை நேரம். வீட்டு முன் தகரக் கொட்டகையில் எங்கள் பழைய கார் நின்றது. சனிக்கிழமை புரோக்கர் வந்து அதை ஓட்டிக்கொண்டோ கட்டி இழுத்துக்கொண்டோ போய்விடுவார். அதற்குள் உள்ளே கிடக்கும் எங்கள் சாமான்களை எடுத்துவிடலாம் என்று நானும் என் மாமியாரும் ஏறி உட்கார்ந்திருந்தோம்.

டாஷ்போர்டு பெட்டிக்குள்ளிருந்து மாமி ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டார். கண்ணுக்கு ஊற்றும் சொட்டு மருந்து, ஓதும்போது எண்ணுகிற ஒரு தஸ்பீஹ் மணி, காய்ந்து கல்லாகிப்போன எலுமிச்சை, யார் கல்யாணத்திலோ கொடுத்த கல்கண்டுப் பொட்டலம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமூச்சு. கடைசியில், “காத்தப் போடு புள்ள, அவியுது” என்றார்.

எஞ்சினை நான் ஸ்டார்ட் செய்யவில்லை. முயன்றாலும் ஸ்டார்ட் ஆகுமா என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். சாவியை மட்டும் திருகி ஏசி ஃபேனைப் போட்டேன். சோகை பிடித்தாற்போல் சுற்றியது. அப்போதுதான் பார்த்தேன். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மெல்ல எழுந்து, பாதியைத் தாண்டி, சிவப்புக் கோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

ஏசி போட்டால் முள் ஏறும் என்பது எங்கள் தெருவுக்கே தெரிந்த சங்கதி. ஆனால் எஞ்சின் ஓடாமல் எப்படி ஏறும்?

இறங்கி ஓடி பானெட்டில் கை வைத்தேன். நாலைந்து நாளாக நகராத வண்டி. இரும்பு ஜில்லென்று இருந்தது. திரும்பி வந்து ஃபேனை நிறுத்தினேன், முள் விழுந்தது. போட்டேன், எழுந்தது. நிறுத்தினேன், மறுபடி விழுந்தது.

“என்ன புள்ள வெளாடுற? போடுறதுண்டா ஒழுங்காப் போடு” என்றார் மாமி.

“மாமி, அடுப்பே பத்த வைக்கல, ஒல கொதிக்குதுங்குது இந்த முள்ளு. எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல. முள்ளு பொய் சொல்லுது.”

இவளுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டதோ என்பதுபோல மாமி என்னைப் பார்த்தார். நானோ சந்தோஷத்தில் இன்னொரு தடவை ஃபேனைப் போட்டு நிறுத்தினேன்.

தெரு முழுக்க வைத்தியர்கள்

சென்ற வாரம், தொண்டிக் கடற்கரை மணலில் நான் கார் ஓட்டப் பழகிய கதையை எழுதியிருந்தேன். அந்தக் கார்தான் இது. வெள்ளி நிறத்தில் ஒரு சின்ன எஸ்யூவி, முதுகில் ஸ்டெப்னி. என் கணவர் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தபோது ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய வண்டியாக வாங்கியது. லீவு நாட்களில் அவர் ஓட்டுவார். மற்ற நாளெல்லாம் நான்தான்.

கார் வருவதற்கு முன்னால், ராமநாதபுரத்துக்குக் கண் டாக்டரிடம் மாமியைக் கூட்டிப் போக வேண்டுமென்றால் வீட்டு ஆண்களில் ஒருவருக்கு வேலை ஒழிய வேண்டும். லேசில் ஒழியாது. கார் வந்த பிறகு காலையில் நினைத்தால் மதியத்துக்குள் போய்த் திரும்பிவிடுவோம். வரும் வழியில் தேவிபட்டினத்தில் நிறுத்தி ஆளுக்கொரு டீ. யாரையும் கேட்காமல் கிளம்பிப் போய் ரோட்டோரம் டீ குடித்தவர்களுக்குத்தான் அந்த டீயின் ருசி தெரியும். மாமி எப்போதும் இரண்டாவது டீயும் கேட்பார்.

அப்படிப்பட்ட வண்டிக்குப் போன மழைக்காலம் முடிந்த கையோடு பேய் பிடித்தது. ஏசியைப் போட்டால் முள் சிவப்புக்குப் போகும். சில நாள் சாவியைத் திருகினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். தெருவே திரண்டு தள்ளும். தள்ளியவர்கள் ஒவ்வொருவரும் போகும்போது ஒரு வைத்தியமும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

பேட்டரி என்றார் ஒருவர். புதிது போட்டோம். ரேடியேட்டர் அடைப்பு என்றார் இன்னொருவர். கழற்றிச் சுத்தம் செய்தோம். தெர்மோஸ்டாட் என்றார்கள், அதையும் மாற்றினோம். மீன் ஏலம் விடுகிற ஒருவர் போகிற போக்கில் சைக்கிளை நிறுத்தி, கண்ணேறு என்று சொல்லிவிட்டுப் போனார். மாமி அதற்கும் ஓதி நான்கு டயரிலும் ஊதினார். ஏசியில்லாமல், பர்தாவுக்குள், பங்குனி வெயிலில் நான் ஓட்டியதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. கடைசியாக வெளியூர் மெக்கானிக் ஒருவர், “ஹெட்டு போயிருச்சு, எஞ்சின எறக்கணும்” என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

அந்தத் தீர்ப்பு என் கணவரின் அண்ணன் காதில் விழுந்ததுதான் வினை. பெரிய மச்சான் நல்ல மனிதர். என்ன, முடிவெடுக்கிற வேலையை வீட்டில் வேறு யாருக்கும் மிச்சம் வைக்க மாட்டார். என் கணவர் துபாயை ஒரேயடியாக முடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மதுரையில் வந்து இறங்குவதாக இருந்தது. சொந்தபந்தமெல்லாம் ஏர்போர்ட்டுக்குப் போக ஒரு வேனுக்கும் சொல்லியாயிற்று. பெரிய மச்சான் மாமியிடம் வந்து, “உம்மா, சின்னவன் வந்து எறங்குறதுக்குள்ள இந்தத் தகரத்தத் தள்ளி விட்ருவோம். பொறவு வேற பாத்துக்கலாம்” என்றார். போனில் என் கணவரும் சரி என்றுவிட்டார்.

அந்த ‘பொறவு’ எனக்குத் தெரியும். புது வண்டி வந்தால் அதை ஓட்ட இனி ஊரோடு ஒரு ஆண் பிள்ளை, என் கணவர், இருப்பார். நான் மறுபடி பின் சீட்டுக்குப் போய்விடுவேன். தகரம் போவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. என் கையிலிருந்து ஒரு சாவி போகிறது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மண்ணைத் தொடாத எர்த்

முள் பொய் சொல்கிறது என்று தெரிந்ததும் சாமான் எடுக்கிற வேலையைப் போட்டுவிட்டு போனை எடுத்தேன். எத்தனை வீடியோ பார்த்தேன் என்று கேட்காதீர்கள். பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாட்டுக்காரர், கையில் தடித்த உறையோடு, புகை புகையாக மூச்சு விட்டுக்கொண்டு சொன்னார்: லைட்டோ ஃபேனோ போட்டால் மற்ற முட்கள் ஆடுகின்றனவா, முதலில் எர்த்தைப் பாருங்கள். பேட்டரியின் மைனஸிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகிற வயரைப் பாருங்கள்.

மாமிக்குச் சொன்னேன். மாமி கேட்டது நியாயமான கேள்வி. “நாலு டயரும் ரப்பரு. மண்ணையே தொடாத வண்டிக்கு எர்த்து எங்கிட்டுருந்து வரும்?”

“ராம்நாட்டுக்குப் போன பஸ்ஸு திரும்பி வந்தாத்தான மாமி மறுக்காப் போகும்? பேட்டரியில இருந்து போற கரண்டு வண்டி ஒடம்பு வழியாத்தான் திரும்புது. அந்த வழி அடைச்சுக்கிருச்சு. அதான் கண்ட சந்துலயும் நொழையுது. முள்ளு அந்தச் சந்துல நிக்கிது.”

“அப்ப வேற வழி வெட்டி விடு” என்றார் மாமி.

அதைத்தான் செய்தேன். டிக்கியில் ஜம்பர் கேபிள் கிடந்தது, பேட்டரி இறங்கினால் இன்னொரு வண்டியிலிருந்து கரண்டு வாங்குகிற தடித்த வயர். அதன் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் கவ்வ விட்டேன். மறுமுனையை எஞ்சினில் பெயிண்ட் இல்லாத இரும்பில் கவ்வ விட்டேன். கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மாமியை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னேன்.

மாமி தன் வாழ்நாளில் கார் சாவியைத் திருகியதில்லை. பிஸ்மி சொல்லித் திருகினார்.

எஞ்சின் ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை அத்தனை சுத்தமாக நான் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. ஜன்னல் வழியாகத் தலையை விட்டு ஏசியை முழு வேகத்தில் வைத்தேன். முள் அடியிலேயே கிடந்தது. காற்று அடித்த வேகத்தில் மாமியின் முக்காடு பின்னால் பறந்தது. மாமி சிரித்துக்கொண்டே ஹாரனை அமுக்கினார், அமுக்கிய கையை எடுக்கவே இல்லை. நான் அந்தக் கொட்டகைக்குள் குதித்த குதியை யாரும் பார்க்காதது நல்லதாயிற்று.

ஒரு தீர்மானம் செய்துகொண்டோம். யாரிடமும் மூச்சு விடக் கூடாது. விட்டால் வைத்தியர்கள் கூடிவிடுவார்கள். ஜம்பர் கேபிளைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றவும் முடியாது. வயர் கெட்ட இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல நேரம் இருந்தது.

ஜும்மா நேரம்

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை நேரத்தில் எங்கள் தெருவில் ஆலோசனை சொல்ல ஒரு ஆண்கூட இருக்க மாட்டார். கடைசிச் செருப்புச் சத்தம் பள்ளிவாசல் பக்கம் தேய்ந்ததும் பானெட்டைத் திறந்தோம். ஸ்பானரால் இரண்டு முனையையும் கழற்றி, நானும் மாமியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பேட்டரியை வெளியே வைத்தோம்.

பேட்டரி உட்கார்ந்திருந்த தட்டுக்குக் கீழே இருந்தது குற்றவாளி. மைனஸ் வயரின் செம்பு வளையமும் அதை உடம்போடு பிடித்திருந்த போல்ட்டும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போய், எது வளையம் எது போல்ட் என்றே தெரியவில்லை. நக்கினால் கரிக்கும் போலிருந்தது.

இது எப்படி வந்தது என்று சொல்ல எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் தண்ணீர் இரண்டு வகை. லாரியில் வருவது நல்ல தண்ணி. குடத்தில் பிடித்து மூடி வைப்போம், குடிக்கவும் சோறாக்கவும் மட்டும். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி. குளிக்க, துவைக்க, வாசல் தெளிக்க, வண்டி கழுவ எல்லாம் அதுதான். நல்ல தண்ணியில் கார் கழுவினால், துபாய்க் காசு படுத்தும் பாடு என்று தெருவே பேசும்.

கடல் காற்று வண்டியைத் தின்றுவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். என் கணவரும் போன் பேசும்போதெல்லாம், அடிவரைக்கும் கழுவு, அடிவரைக்கும் கழுவு என்பார். நானும் வெள்ளி தவறாமல் ஹோஸ் பைப்பைப் பிடித்து, பானெட்டைத் திறந்து, மூலை முடுக்கெல்லாம் பீய்ச்சியடித்தேன். காற்று கொண்டுவந்த உப்பை, பூமிக்கடியிலிருந்து எடுத்த உப்பை ஊற்றிக் கழுவியிருக்கிறோம். தெருவிலேயே சுத்தமான வண்டி எங்களுடையதுதான். அதனால்தான் முதலில் அரித்தது எங்களுடையது.

மாமிக்கு இதில் ஒரு வழக்கு இருந்தது. வீட்டுக்கு வயரிங் செய்தவர், கொல்லையில் இருக்கும் எர்த் குழிக்கு அவ்வப்போது உப்புத் தண்ணி ஊற்றச் சொல்லியிருந்தார். மாமி மறக்காமல் ஊற்றி வருகிறார். “அங்கன உப்பு ஊத்தணுங்குறீக, இங்கன உப்பு ஆகாதுங்குறீக. எர்த்துக்கொரு ஞாயமா?” என்றார். ஈர மண்ணில் உப்பு கரண்டுக்கு வழிவிடும், செம்பிலும் இரும்பிலும் பட்டால் அதையே தின்றுவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். மாமி பாதிதான் ஒப்புக்கொண்டார்.

போல்ட் அசைய மறுத்தது. துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து, சுத்தியலால் லேசாகத் தட்டி, மறுபடி அடித்து, காலை பம்பரில் ஊன்றி இழுத்தேன். ‘கிரீச்’ என்று ஒரு முனகல். கழன்றது. உடம்புப் பக்கம் இருந்த இரும்பை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தேன். செம்பு வளையத்தை மாமி என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். களிம்பு ஏறிய பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறவருக்கு இது என்ன பெரிய வேலை. புளியை வைத்து இரண்டு திருகு திருகினார், புதுத் தோடு மாதிரி மின்னியது.

கழுவலாம் என்று குழாயைத் திறக்கப் போனேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். “இம்புட்டும் பேசிப்புட்டு அங்கயே போறியே” என்றார். உள்ளே போய் ஒரு சொம்பு நல்ல தண்ணி கொண்டுவந்து, சொட்டுச் சொட்டாக ஊற்றினார்.

துடைக்கும்போது வயர் வளையத்தோடு ஒடிந்து என் கையில் வந்துவிட்டது. உறைக்குள்ளே செம்பு இழைகள் கறுத்து, வறுத்த சேமியா மாதிரி நொறுங்கின. எனக்கு அழுகை வந்துவிட்டது. தொழுகை முடிந்து செருப்புச் சத்தமும் கேட்கத் தொடங்கியது. மாமி பர்தாவை எடுத்து என் மேல் போட்டு, “அழுறத வந்து அழலாம். கடைய மூடிறப் போறான், ஓடு” என்றார்.

துறைமுகத் தெருவில் விசைப்படகு சாமான் விற்கிற கடைக்கு ஓடினேன். பழைய வயரைக் காட்டினேன். எந்தப் போட்டுக்கு என்று கடைக்காரர் கேட்டார். வீட்டில் நிற்கிற போட்டுக்கு என்றேன். அவர் மேலே எதுவும் கேட்காமல், பழையதைவிட ஒரு மடங்கு தடித்த வயரை வெட்டி, இரண்டு பக்கமும் வளையம் வைத்து அழுத்திக் கொடுத்தார். மாலை அஸர் பாங்குக்குள் மாட்டி முடித்தோம். மேலே கிரீஸை அப்பினேன். முதல் திருகிலேயே எஞ்சின் பிடித்தது. ஏசியை முழுக்க வைத்துக்கொண்டு திருவாடானை வரை போய்த் திரும்பினோம். முள் அசைந்து கொடுக்கவில்லை.

புரோக்கர் வந்தார்

இங்கேதான் நான் யோசிக்காத ஒன்று நடந்தது.

சனிக்கிழமை காலை பரமக்குடியிலிருந்து புரோக்கர் இழுவைக் கயிற்றோடு பஸ்ஸில் வந்தார், இழுக்கிற வண்டியை இங்கே பிடித்துக்கொள்ளலாம் என்று. பெரிய மச்சான் சாவியை வாங்கித் திருகினார். பிடித்துக்கொண்டது. அவர் புரோக்கரைப் பார்த்தார், புரோக்கர் அவரைப் பார்த்தார். ஏசியைப் போட்டார்கள், முள்ளைப் பார்த்தார்கள், தெருவில் ஒரு சுற்று போனார்கள். திரும்பி வந்த புரோக்கரின் முகம் மாறியிருந்தது. தகரமாக வாங்க வந்தவர், சொந்தத்துக்கே வைத்துக்கொள்கிறேன், இப்போதே முடித்துவிடலாம் என்று பரபரத்தார். முன்னால் சொன்னதைவிட நல்ல விலையும் தருகிறாராம்.

பெரிய மச்சானுக்கு ஒரே சந்தோஷம். நானோ, வண்டியை நல்லபடியாக்கினால் தங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். நல்லபடியானதாலேயே போகப்போகிறது.

மாமி போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். இறங்கச் சொன்னால், “என் சாமானு இன்னும் எடுத்து முடியல” என்றார்.

வேறு வழியில்லாமல் பெரிய மச்சான் துபாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். வண்டி சரியாகிவிட்டது, நல்ல விலை வருகிறது, கொடுத்துவிடலாமா என்றார். என்ன கோளாறு, யார் பார்த்தது என்று என் கணவர் கேட்டார். பெரிய மச்சான் காருக்குள் இருந்த மாமியைக் கேட்டுவிட்டு, எர்த்தாம், உம்மாவும் உன் வீட்டுக்காரியும் பார்த்தார்களாம் என்றார்.

அவர் தன் அண்ணனிடம் சொன்னார்: “காக்கா, இத்தன வருசமா அந்த வண்டிய ஓட்டுனது அவ. அவளக் கேளுங்க.”

நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன். தம்பி மனைவி என்ற மரியாதைக்கு, பெரிய மச்சான் என்னிடம் எதையும் நேராகப் பேச மாட்டார், எல்லாம் மாமி வழியாகத்தான். இப்போதும் காருக்குள் குனிந்து, “உம்மா, என்ன சொல்றாண்டு கேளுங்க” என்றார்.

மாமி ஜன்னலை இறக்கி என்னைப் பார்த்தார். “என்ன சொல்ற ரஹீமா?”

“குடுக்கலைண்டு சொல்லுங்க மாமி.”

மாமி பெரிய மச்சான் பக்கம் திரும்பினார். “குடுக்கலையாம்.”

போனுக்குள் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. புரோக்கர் டீயைக் குடித்துவிட்டு, கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

மதுரைக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை வேன் வந்து நின்றது. சின்னதும் பெரியதுமாகச் சொந்தமெல்லாம் அடித்துப் பிடித்து ஏறியது. பின்னால் எங்கள் வண்டியில் நானும் மாமியும். எஞ்சினை ஸ்டார்ட் செய்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

தேய்த்த வெள்ளைச் சட்டையும் அத்தர் வாசனையுமாகப் பெரிய மச்சான் வெளியே வந்தார். வேனில் அவருக்கென்று முன் சீட்டைக் காலியாக விட்டிருந்தார்கள். அதைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். நேராக வண்டியிடம் வந்தவர், மாமி இருந்த பக்கம் போகவில்லை. சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன்.

“பின்னால ஒரு எடம் இருக்குமா?” என்றார், என்னிடம்.

“ஏறுங்க மச்சான்” என்றேன்.

மாமி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், உதடு மட்டும் சிரித்தது. பெரிய மச்சான் இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டி, காளையார்கோவில் வரைக்கும் அந்த முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் வந்தார். அதற்குப் பிறகு சாய்ந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து, நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.